இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

மலையில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்குப் பக்தி தானாக வந்துவிடும். அந்த வண்டி ஆட்டோமேட்டிக் கியராக இருந்துவிட்டால் எல்லா மதத்துச் சாமிகளும் சேர்ந்து வந்தால்தான் கட்டுப்படியாகும்.

என் பெயர் ஜெசிந்தா. ஏற்காடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறேன். நான் ஆட்டோமேட்டிக் வாங்கியது சொகுசுக்காக இல்லை. ஒரு மழை நாளில் நானும் என் வீட்டுக்காரர் பீட்டரும் பைக்கில் மாரமங்கலம் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியது அவர். ஈரச் சருகில் பைக் வழுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு இடது முட்டி உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அந்த முட்டி பாதிக்கு மேல் மடங்குவதில்லை. இடது காலால் கிளட்ச் மிதிக்காமல் எங்கள் ரோட்டில் ஒரு பர்லாங் போக முடியாது. அதுவரை எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து, கீழே போகிற வண்டி எந்த வளைவில் எந்தக் கியர் மாற்றுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தத் திறமை யாருக்கும் வரவேண்டாம்.

அப்போதுதான் பெங்களூர்க்காரர் ஒருவர் இங்கிருந்த பங்களாவை விற்றுவிட்டுக் கிளம்பினார். கூடவே ஏழு பேர் உட்காரும் தன் குடும்ப வேனையும் விற்றார். பிரேக், ஆக்சிலேட்டர் என்று இரண்டே பெடல். இரண்டுக்கும் வலது கால் போதும். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விலை அதிகம் என்றுதான் அழுகிறேன் என்று நினைத்து அவர் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அந்த வண்டி ஓடினால் நான் ஓடுவேன், அது நின்றால் மறுபடியும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதோடு பட்டபாட்டைச் சொல்கிறேன். உங்களிடமும் ஒரு ஆட்டோமேட்டிக் இருந்தால், துணைக்கு ஆள் இருக்கிறது என்று ஆறுதல் அடைந்துகொள்ளுங்கள்.

சாமி வந்த வண்டி

எங்கள் பக்கம் யார் வண்டி எடுத்தாலும் அடிவாரத்துக் கோயிலில் நிறுத்திக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டுத்தான் மலை ஏறுவோம். நீ சர்ச்சுக்குப் போகிறவளா என்று கோயிலிலும் கேட்க மாட்டார்கள், கோயிலுக்குப் போனாயா என்று சர்ச்சிலும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதர் தீர்த்தம் தெளித்தார், மறுநாள் பூசாரி சந்தனம் வைத்தார். பழத்தின் மேல் வண்டியை ஏற்றுவது ஸ்டாண்டில் மூத்த டிரைவரின் உரிமை. எங்கள் மூத்தவர் முருகேசண்ணன். எந்த லாரியைக் கொடுத்தாலும் ஒற்றைக் கையில் வளைவு திருப்புவார். ஆட்டோமேட்டிக்கை மட்டும் அதுவரை வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். எனக்கே சொல்லித் தர்றியா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

கியர் லீவரை, முன்னால் போவதற்கான 'டி'யில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, தயார் என்று பூசாரியைப் பார்த்துத் தலையாட்டினார். ஆக்சிலேட்டரைத் தொடாமலே மெல்ல நகர்வது இந்த வண்டிகளின் குணம். வண்டி நகர்ந்ததும் அண்ணன் பதறிப்போய் இடது காலால் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது பிரேக். வண்டிக்கு முன்னால் கட்டியிருந்த மாலை அறுந்து தொங்கியது. ஒரு பழம் நசுங்காமல் துள்ளிப் பூக்கடைக்குள் உருண்டது. மறுபடி காலை எடுத்தார், மறுபடி நகர்ந்தது, மறுபடி மிதித்தார். பூசாரி கற்பூரத் தட்டை ஏந்தியபடியே பின்னால் நடந்து நடந்து கோயில் படியில் ஏறிவிட்டார். எல்லாம் அடங்கியதும் எனக்குத் திருநீறு கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கம்மா, எத்தனையோ வண்டிக்குப் பூசை போட்டிருக்கறேன். சாமி வந்து ஆடுன வண்டி இதுதானுங்க."

தள்ளினால் வராது

ஒரு காலையில் பனி கண்ணை மறைக்கிறது என்று லைட்டைப் போட்டேன். வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது அணைக்க மறந்துவிட்டேன். டீ குடித்து, கடைக்கார அம்மாவோடு ஊர்க்கதை பேசிவிட்டு வந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. பழனிவேலுக்குப் போன் செய்தேன். அவர் அடிவாரத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், என்னைவிட இளையவர். வேறு பேட்டரி கொண்டுவருவதாகச் சொன்னார். அதற்குள் மேலே போகிற பஸ் வந்துவிட்டது. எங்கள் மலையில் நின்றுபோன வண்டியைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போவது, சாவு வீட்டு வாசலைக் கடந்தும் விசாரிக்காமல் போவதற்குச் சமம். கண்டக்டர் விசில் அடித்தார், பாதி பஸ் இறங்கிவிட்டது.

இது ஆட்டோமேட்டிக், தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, எவ்வளவு தள்ளினாலும் என்ஜின் சுற்றாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதெல்லாம் ஆகும் என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். உள்ளே உட்கார்ந்து நியூட்ரலில் போடு என்று இன்னொருவர் எனக்கு உத்தரவு போட்டார். அடுத்த வளைவு வரை தள்ளினார்கள். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. ஆனால் யாருக்கும் ஏமாற்றமே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பஸ் ஏறினார்கள். கொய்யாக் கூடையோடு கடைசியாக ஏறிய ஒரு அம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்: "ஸ்டார்ட் ஆவாதுன்னு நீ சொன்னது எல்லாருக்கும் கேட்டுதான் இருந்துச்சு கண்ணு. அதுக்காவ பாத்துட்டுச் சும்மா போக முடியுமா?"

பெண் பார்க்கப் போன இடத்தில்

சேலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரைச் செம்மநத்தத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப்போனேன். பெண் வீட்டுக்கு முன்னால் நல்ல மேடு. நான் நிறுத்துவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கதவைத் திறந்துவிட்டார். அவசரத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் லீவரை நேராகப் பார்க்கிங்கில் தள்ளிவிட்டேன். பார்க்கிங் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பல் போய்ச் சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்கிறது. மேட்டில் வண்டியின் மொத்தக் கனமும் அந்தப் பல்லின் மேல் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அது லேசில் விடாது. முதலில் ஹேண்ட் பிரேக், அதற்குப் பிறகுதான் பார்க்கிங். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்.

பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. ஊருக்குப் போய்ப் பதில் சொல்கிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பெண் வீட்டாருக்குத் தெரியும், முகம் வாடிவிட்டது. எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். லீவர் அசையவே இல்லை. நானும் இழுத்துப் பார்த்தேன், மாப்பிள்ளையும் இழுத்துப் பார்த்தார். வண்டியை மேட்டுப் பக்கம் ஒரு சாண் தள்ளினால் பல் விட்டுவிடும், வேறு வழியில்லை என்றேன். எல்லாரும் இறங்கினார்கள். பெண் வீட்டு ஆண்கள் வந்தார்கள், வண்டி அசையவில்லை. அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பின்கதவில் தோளைக் கொடுத்தாள். டக்கென்று லீவர் வந்துவிட்டது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த மாப்பிள்ளை அம்மாவிடம் சொன்னார்: "பதில் அப்பறம் சொல்றதெல்லாம் வேண்டாமுங்கம்மா. அந்தப் புள்ளையே தள்ள வந்துச்சு பாருங்க, அதுக்கு மேல என்ன பாக்கோணும்."

இறக்கத்தில் கத்துகிற வண்டி

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அடிவாரம் வருவதற்குள் அது புகைந்துவிடும். அதனால் ஆட்டோமேட்டிக்கிலும் லீவரை 'இரண்டு' என்று போட்டிருக்கிற இடத்துக்கு இழுத்துவிடுவேன். வண்டி இரண்டாம் கியரைத் தாண்டாது, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சத்தம் போடும். சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒருநாள் ஏறியது. அந்த வீட்டு மருமகன் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, முதல் வளைவிலேயே எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். இப்படிக் கத்தவிட்டால் என்ஜின் போய்விடும், நியூட்ரலில் விட்டால் டீசலும் மிச்சம், வண்டியும் அமைதியாக வரும் என்றார். நியூட்ரலில் விட்டால் எல்லாருமே நிரந்தர அமைதி அடைந்துவிடுவோம் என்று சொல்ல நாக்கு துடித்தது. வாடிக்கையாளர் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

நடுவில் ஒரு வளைவில் ஒரு கார் நின்றிருந்தது. சக்கரத்திலிருந்து புகை. ஓட்டி வந்தவர் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பிரேக்கில் ஊற்றப் பார்த்தார், அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு சீட் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பின் சீட்டில் இருந்த அவருடைய மாமியார்தான், கம்பியை இறுகப் பிடித்திருந்த கையைத் தளர்த்திக்கொண்டு, என்னிடம் பேசினார்: "நீ கத்த உட்டே ஓட்டு கண்ணு. எங்க ஊட்டுக்காரரும் சத்தம் போட்டுக்கிட்டேதான் இருப்பாரு, ஆனா உட்டுட்டுப் போவ மாட்டாரு."

யோசிக்க ஆரம்பித்தது

எந்த ஆட்டோமேட்டிக்கும் ஒரே நாளில் கெட்டுவிடாது. முதலில் யோசிக்க ஆரம்பிக்கும். ரிவர்ஸ் போட்டால் போகலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திடீரென்று முடிவு செய்து பின்னால் பாயும். அப்புறம் ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடும், வேகம் கூடாது. இப்படி நடக்கும்போது நாம் என்ன செய்வோம்? ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். பிறகு ஒருநாள் தீய்ந்த வாடை வந்தது. வாடைக்கு ரேடியோ உதவாது.

பழனிவேல் ஷெட்டுக்குப் போனேன். அவர் கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கிற கம்பியை உருவி, துணியில் துடைத்து, மோந்து பார்த்தார். நல்ல சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாஷன் நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் மாற்றியதே இல்லை. இந்த எண்ணெய் ஆயுசுக்கும் வரும், தொடவே வேண்டாம் என்று பெங்களூர்க்காரர் சொல்லியிருந்தார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பழனிவேல் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டுக் கேட்டார்: "ஆயுசுக்கும் வரும்னாங்க, சரிங்கக்கா. ஆரோட ஆயுசுக்குன்னு கேட்டீங்களா?"

பஸ் வேண்டாம்

மாரமங்கலத்தில் லூர்து ரைட்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிட்னி கெட்டு, வாரத்தில் இரண்டு முறை சேலம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற வண்டிகளில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் உடம்பு குலுங்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துவிடுவார். என் வண்டியில் குலுக்கல் கிடையாது. அதனால் என்னோடு மட்டும்தான் வருவார். வரும்போது ஜெபமாலை உருட்டுவார், போகும்போது அரசியல் பேசுவார்.

எண்ணெய் மாற்றியும் வண்டி தேறவில்லை. ஒரு மழைச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி மலையில் என்ஜின் அலறியது, சக்கரம் நின்றுவிட்டது. ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியர்பாக்ஸ் சூடு ஆறட்டும் என்று காத்திருந்தேன். ரைட்டர் ஸ்வெட்டருக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போன் செய்து பீட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பஸ் ஒன்று வந்தது. நான் கை காட்டி நிறுத்தி, நீங்கள் இதில் போய்விடுங்கள் சார் என்று கெஞ்சினேன். கண்டக்டரும் இறங்கி வந்து கைத்தாங்கலாகப் பிடித்தார். ரைட்டர் அசையவில்லை: "பஸ்ஸுல போனா சீக்கிரம் போய்ச் சேருவேன் கண்ணு. நான் மெதுவாவே போய்ச் சேர்றேன்."

ஸ்டாண்டு கூடிப் பேசியது

சூடு ஆறி, தவழ்ந்து தவழ்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். ஆனால் அன்றைக்குப் பீட்டர் மனசுக்குள் ஒரு முடிவு செய்துவிட்டார். எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் வண்டியில் பெரிய வேலை என்றால், சொந்தக்காரர் தனியாக முடிவெடுக்கிற வழக்கம் கிடையாது. எல்லாரும் டீ வாங்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்று பேசுவார்கள். அப்படித்தான் கூடினார்கள். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும், செலவும் அதிகம் என்றார் பழனிவேல். சேலத்தில் பழைய சாமான் கடையில் இதே மாடல் வண்டியின் சாதாரணக் கியர்பாக்ஸ் ஒன்று கிடக்கிறது, கிளட்ச் பெடலோடு சேர்த்து மாட்டிவிடலாம் என்றார் முருகேசண்ணன். கிளட்ச் வந்துவிட்டால் நான் எப்படி ஓட்டுவேன் என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். பீட்டர் கேட்டார், பதிலும் அவரே சொன்னார். தான் டிரைவிங் கற்றுக்கொண்டு வண்டி ஓட்டுவதாகவும், நான் வீட்டிலிருந்தபடி போன் எடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

தங்கமான மனுஷன் என்று ஸ்டாண்டே அவரைப் பாராட்டியது. அவர் தங்கமான மனுஷர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் காலைப் பற்றி என் எதிரிலேயே, நான் இல்லாத மாதிரி பேசுகிறார்களே என்றிருந்தது. கோயம்புத்தூர்ச் செலவுக்கு என்னிடமும் வழியில்லை. அந்தக் கோபத்தில், செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, முருகேசண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்: "உனக்கென்ன அம்மிணி, இனிமே மகாராணியாட்டம் ஊட்ல உக்காந்துக்கலாம்."

பீட்டர் ஓட்டிய வண்டி

பழைய கியர்பாக்ஸ் வந்து பழனிவேல் ஷெட்டில் இறங்கியது. பீட்டர் சேலத்தில் டிரைவிங் கற்று லைசென்ஸும் எடுத்துவிட்டார். சமவெளி ரோட்டில் நன்றாகவே ஓட்டினாராம். என் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால், மலையில் ஒருமுறை பழகிக்கொள்ளட்டும் என்று முருகேசண்ணன் தன் வேனைக் கொடுத்தார். பீட்டர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில், அண்ணன் பின்னால். அடிவாரத்திலிருந்து கிளம்பினோம். அவர் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் என் இடது கால் தானாகவே தரையை மிதித்தது. அங்கே பெடலும் இல்லை, முட்டியும் ஒத்துழைக்கவில்லை. வலித்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அது எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. பீட்டர் நிறுத்தி வழிவிட்டார். திரும்பக் கிளம்பும்போது கிளட்சை வேகமாக விட்டார், என்ஜின் அணைந்து வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. அவர் கால்கள் எந்தப் பெடல் எது என்று தெரியாமல் தடுமாறின. நான் எட்டி ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தேன். வண்டி நின்றது. அண்ணன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின்னால் வரிசையாக ஹாரன். பீட்டர் இறங்கிப் போய் ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.  அண்ணன் வண்டியை ஏற்றி ஓரமாக நிறுத்தப் போனார். நான் காலை இழுத்துக்கொண்டு போய் பீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வலித்த முட்டியை நீட்டி வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் திட்டியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். அவர் பள்ளத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். நீ வண்டி எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும் அந்த மழை நாளில் நீ ரோட்டில் கிடந்தது என் கண்ணில் வரும், வீட்டில் உட்கார வைத்துவிட்டால் அது நின்றுவிடும் என்று நினைத்தேன் என்றார். நீங்கள் அதை என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லையே என்று கேட்டேன். கேட்கும்போதே என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒடஞ்சது உன்ற காலு ஜெசி. ஓடாம நின்னு போனது நானு. எனக்காவ நீ எதுக்கு நிக்கோணும்? அந்தக் கியர்பாக்ஸ் வேண்டாம்."

உள்ளே திறந்தால்

கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தோம், வண்டியை லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோனோம். அங்கே ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கிற மெக்கானிக் கியர்பாக்ஸைப் பிரித்து மேஜையில் பரப்பினார். வட்ட வட்டமாகத் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கருகிப்போய். இதெல்லாம் என்ன என்று கேட்டேன். கிளட்ச் தட்டு என்றார். கிளட்சே இல்லாத வண்டி என்றுதானே இதை வாங்கினேன் என்று நான் தலையில் கை வைத்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "கிளட்ச் இல்லாம எந்த வண்டிங்க ஓடும்? உங்களுக்குப் பதிலா அதுவே மிதிச்சுக்குது, அவ்ளோதானுங்க."

புதுத் தட்டுகள் போட்டு, எண்ணெய் சூடாகாமல் இருக்க முன்பக்கம் தனியாக ஒரு கூலரும் வைத்துக் கொடுத்தார். ஷெட்டில் கிடந்த அந்தப் பழைய கியர்பாக்ஸை முருகேசண்ணனே தன் வேனுக்கும் பொருந்தும் என்று வாங்கிக்கொண்டார். அதில் இரண்டாம் கியர் விழமாட்டேன் என்கிறது என்று கேள்வி. நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை, அண்ணன் மனசு புண்படும்.

முதல் சவாரி

வேலை முடிந்து வந்ததும் முதல் சவாரி லூர்து ரைட்டருக்குத்தான். என் வண்டி இல்லாத நாட்களில் முருகேசண்ணன் வண்டியில் போய் வந்து, மனிதர் பாதியாகிவிட்டிருந்தார். பீட்டரும் தன் எஸ்டேட் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது நல்ல வெயில். ரிவர்ஸ் யோசிக்கவில்லை, ஏற்றத்தில் என்ஜின் அலறவில்லை. பீட்டர் நின்றுபோன அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்தது. எதிரில் பஸ். நிறுத்தி வழிவிட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்து லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டேன், வண்டி பேசாமல் மேலே ஏறியது.  நான் அழுதால் இரண்டு ஆண்களும் பயந்துவிடுவார்கள் என்று ரேடியோவைப் போட்டேன்.

ரைட்டர் ஜெபமாலையைப் பையில் போட்டுவிட்டு, அவ்வளவு செலவு செய்து எடுத்த லைசென்ஸை இனிமேல் என்ன செய்யப் போகிறாய் என்று பீட்டரைச் சீண்டினார். பீட்டர் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பக்கத்துல உக்கார்றதுக்குத்தான் அந்த லைசென்ஸ்னு வெச்சுக்கங்க சார். அது இல்லாமயும் உக்காந்திருக்கலாம், எனக்குத்தான் தெரியல."

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் தானாகவே நடக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அது தானாக நடப்பதற்குள் ஒரு மலை முழுவதும் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது வாங்கிய நமக்குத்தான் தெரியும்.